தோட்டாவைக் கழுவாதீர்கள்

சுட்டவர் யார் என்பது தெரியும். இறந்தவர் யார் என்பதும் தெரியும். எந்தத் துப்பாக்கி என்பதிலும் தகராறு இல்லை. இத்தனைக்குப் பிறகும் வழக்கு ஒரே ஒரு கேள்வியில் முட்டி நிற்பதுண்டு: தோட்டா எந்த வழியாக வந்தது?

"தரையைப் பார்த்துத்தான் சுட்டேன். தெறித்துப் போய் அவர்மேல் பட்டுவிட்டது" என்கிறார் சுட்டவர். "நெஞ்சுக்கு நேராகக் குறிவைத்தார்" என்கிறார் பக்கத்தில் நின்றவர். முதல் கூற்று உண்மையானால் அது கவனக்குறைவு; இரண்டாவது உண்மையானால் கொலை. ஆனால் நொடிக்கு 350 மீட்டர் பாயும் ஒரு பொருளின் பாதையை எந்தக் கண்ணும் பார்த்திருக்க முடியாது. பார்த்தவர்கள் பார்த்தது துப்பாக்கி முனையையும் விழுந்த ஆளையும்தான். இடையில் நடந்ததை மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது.

அந்த வழி நெடுக உடன் போன சாட்சி தோட்டா மட்டுமே. தான் தொட்டவற்றிலிருந்தெல்லாம் அது கொஞ்சம் எடுத்துக்கொண்டு வருகிறது: கண்ணாடித் துகள், சிமெண்டுப் பொடி, சட்டை இழை, மரச்சிராய், எலும்புத் துணுக்கு. வெறுங்கண்ணுக்கு அழுக்காகத் தெரியும் இவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பொறுமையாகப் படித்தால், தோட்டா வந்த வழியைப் பல வழக்குகளில் மீட்டுவிடலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த அழுக்கை அதற்குள் யாரும் துடைத்திருக்கக் கூடாது.

வரிகள் சொல்வதும் சொல்லாததும்

தோட்டாவைத் துடைக்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் சுழல் வடிவில் பள்ளங்கள் வெட்டியிருக்கும். தோட்டா அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறும்போது அதன் உடலில் வரிகள் விழுகின்றன. 1889இல் பிரான்சின் லியோன் நகரில் மருத்துவப் பேராசிரியர் அலெக்சாந்தர் லக்காசாஞ், பிணத்திலிருந்து எடுத்த தோட்டாவில் இருந்த ஏழு பள்ளத் தடங்களை எண்ணி, அதைத் துப்பாக்கியோடு பொருத்திக் காட்டினார். 1920களில் அமெரிக்காவில் பிலிப் கிராவெலும் கால்வின் காடர்டும் இரண்டு தோட்டாக்களை ஒரே பார்வையில் அருகருகே காட்டும் ஒப்பீட்டு நுண்ணோக்கியைத் தோட்டா ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ஒரு குற்றவாளியின் வீட்டில் கைப்பற்றிய தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகளிலிருந்துதான் அந்தத் தோட்டாக்கள் பாய்ந்தன என்று காடர்ட் காட்டியதும், இந்த முறை உலகப் புகழ் பெற்றது.

அன்றிலிருந்து தோட்டா ஆய்வு என்றாலே வரி ஆய்வு என்றாகிவிட்டது. வரிகள் தெளிவாகத் தெரிய உலோகப் பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். இரத்தம், சதை, தூசு எல்லாம் இடைஞ்சல். உடலிலிருந்து எடுத்த தோட்டாவால் நோய் தொற்றலாம் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. விளைவாக, வந்ததும் கழுவு, தேவையானால் கிருமிநாசினியில் ஊறவை என்பது ஆய்வகங்களில் வழக்கமானது.

வரிகள் தோட்டா எந்தக் குழலிலிருந்து புறப்பட்டது என்பதைச் சொல்லும். புறப்பட்ட பிறகு அது எங்கெல்லாம் போனது என்பதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டிய அழுக்கு கழுவுநீரோடு போய்விடுகிறது.

எரிந்து போகாதா?

சுடும்போது உண்டாகும் சூட்டில் தோட்டாவில் எதுவும் மிஞ்சாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. இது தவறு. வெடிமருந்தின் வாயு சூடானதுதான். ஆனால் தோட்டா குழலுக்குள் இருப்பது நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரம். அந்த இடைவெளியில் கிருமிகளைக்கூடக் கொல்லும் அளவுக்கு அதன் பரப்பு சூடாவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்க இராணுவ மருத்துவர் லூயி லகார்ட், கிருமி தடவிய தோட்டாக்களைச் சுட்டு இதைச் சோதித்தார். தோட்டா துளைத்த காயம் தன்னால் தூய்மையாகிவிடும் என்ற அன்றைய எண்ணம் அதோடு தகர்ந்தது. ஓர் உடலைத் துளைத்து வெளியேறிய தோட்டாவிலிருந்து அந்த உடலுக்குரியவரின் டி.என்.ஏ.வை எடுக்க முடியும் என்பதை 1990களில் ஜெர்மனியில் நடந்த ஆய்வுகள் காட்டின.

பொருள்கள் தோட்டாவில் ஒட்டும் விதம் அவற்றின் கடினத்தைப் பொறுத்தது. பெரும்பாலான தோட்டாக்களில் உள்ளே ஈயம், வெளியே செம்புக் கலவை உறை. நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்றைக் கைத்துப்பாக்கித் தோட்டா கடக்க ஆகும் நேரம் ஏறக்குறைய நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு. அதற்குள் மூக்குப் பகுதியிலிருக்கும் கண்ணாடி பொடிந்து, செம்பைவிடக் கடினமான அந்தப் பொடி உலோகத்துக்குள் முள்போல் ஏறிவிடுகிறது. அப்படி ஏறியதைக் கழுவினாலும் எளிதில் போகாது. சதையும் இழையும் அப்படியல்ல; மேலோட்டமாகப் படிந்திருப்பவை ஒரே அலசலில் போய்விடும்.

லென்சுக்குக் கீழே

ஆய்வகத்தில் தோட்டா முதலில் போவது குறைந்த பெருக்கம் கொண்ட இரட்டைக்கண் நுண்ணோக்கிக்கு. பத்து மடங்கு, இருபது மடங்கு பெரிதாக்கினாலே நிறைய தெரியும். கூரான மூக்கின் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து, அந்தத் தட்டைப் பரப்பில் ஒரே திசையில் கீறல்கள் ஓடினால், எதிலோ சாய்வாக உரசியிருக்கிறது. கீறல்களுக்கிடையே சாம்பல் நிறப் பொடியும் மணல் பரல்களும் இருந்தால் அது கான்கிரீட். கறுப்புப் பசையாக இருந்தால் தார்ச்சாலை. "தரையில் பட்டுத் தெறித்தது" என்ற கூற்றைச் சோதிக்கத் தொடங்கும் இடம் இதுதான்.

மென்மையான ஈய மூக்குள்ள தோட்டா துணியைத் துளைத்திருந்தால், சில சமயம் அந்த நெசவே மூக்கில் அச்சாகப் பதிந்திருக்கும். ஊடும் பாவும் குறுக்கு நெடுக்காக, உலோகத்தில். இழை கிடைத்தால் அதை ஊசிமுனையால் எடுத்து முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் வைப்பார்கள். பருத்தி முறுக்கிய நாடாவாகத் தெரியும். கம்பளியில் செதில்கள் தெரியும். பாலியஸ்டர் வழவழப்பான உருளையாக, இருண்ட பின்னணியில் வண்ணங்களோடு ஒளிரும். மரச்சிராய் என்றால் அதன் செல் அமைப்பைப் பார்த்து ஊசியிலை மரமா, தேக்கு போன்ற அகன்ற இலை மரமா என்று பிரிக்கலாம். இறந்தவர் நின்ற இடத்துக்கும் சுட்டவர் நின்ற இடத்துக்கும் நடுவே ஒரு கதவு இருந்து, தோட்டாவில் அந்த மரமும் அதே வண்ணப்பூச்சும் கிடைத்தால், கதவு மூடியிருந்ததா திறந்திருந்ததா என்ற சண்டை முடிந்துவிடும்.

அடுத்தது அலகிடும் மின்னணு நுண்ணோக்கி. இதில் தோட்டாவை அப்படியே வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் என்ன தனிமங்கள் இருக்கின்றன என்பதை எக்ஸ் கதிர் வழியாக அறியலாம். கனமான தனிமங்கள் இந்தப் படத்தில் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். இலேசானவை இருண்டு தெரியும். ஈயத்தின் வெளுத்த பரப்பில் ஒரு சிறு இருண்ட திட்டு. அங்கே கதிரை நிறுத்தினால் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து வருகின்றன. அது எலும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். கால்சியத்தோடு கந்தகம் வந்தால் உட்சுவர்ப் பலகையில் இருக்கும் ஜிப்சம். சிலிக்கான், சோடியம், கால்சியம் மூன்றும் வந்தால் சாதாரண ஜன்னல் கண்ணாடி. டைட்டானியம் மிகுந்தால் வெள்ளை வண்ணப்பூச்சு. அமெரிக்க மருத்துவர் வின்சென்ட் டிமையோவும் சகாக்களும், தோட்டாவில் ஒட்டிய அந்நியப் பொருள்களை இந்த நுண்ணோக்கியால் அடையாளம் காண்பது பற்றி 1987இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

கார் சம்பந்தப்பட்ட வழக்குகளில் இந்த ஆய்வின் வலிமை நன்றாகத் தெரியும். காரின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. பக்கக் கண்ணாடி பொதுவாக ஒற்றைத் தகடு. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவூட்டியது. இப்போது ஒரு காவலர், "கார் என்மேல் ஏற வந்தது, உயிர் தப்ப முன்னால் நின்று சுட்டேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரின் உடலில் கிடைத்த தோட்டாவில் கண்ணாடியோடு அந்தப் பிளாஸ்டிக் படலத்தின் துணுக்கும் இருந்தால் அவர் சொல்வதற்கு ஆதரவு கிடைக்கிறது. வெறும் பக்கக் கண்ணாடி மட்டுமே இருந்தால், கார் அவரைக் கடந்துபோகும்போது சுட்டாரா என்று கேட்டே ஆக வேண்டும். அவரைக் காப்பாற்றுவதும் கேள்விக்கு உள்ளாக்குவதும் மணலைவிடச் சிறிய துகள்கள்.

பிரேதப் பரிசோதனையில் நேரக்கூடிய ஒரு பெரும் பிழையையும் இது தடுக்கும். மிக அருகிலிருந்து சுட்டால், எரியாத வெடிமருந்துத் துகள்கள் தோலில் குத்திக் காயத்தைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் விழும். அதை வைத்தே மருத்துவர் "அருகிலிருந்து சுடப்பட்டது" என்று எழுதுவார். ஆனால் தோட்டா கண்ணாடியைத் துளைத்து வந்தால், சிதறிய கண்ணாடித் துகள்களும் தோலில் குத்தி அதே மாதிரி புள்ளிகளை உண்டாக்கும். தொலைவிலிருந்து வந்த தோட்டா, கைக்கெட்டும் தூரத்தில் சுட்டது போல் தோற்றமளிக்கும். தோட்டாவின் மூக்கில் கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீர்கிறது.

எது முதலில், எது பிறகு

என்னென்ன ஒட்டியிருக்கின்றன என்பதோடு அவை எந்த வரிசையில் ஒட்டின என்பதும் முக்கியம். கைத்துப்பாக்கிகளில் பயன்படும் ஒருவகைத் தோட்டாவின் மூக்கில் குழி இருக்கும். எதிர்ப்படும் பொருள்கள் அந்தக் குழிக்குள் திணிந்துகொண்டே போகும். குழாய்ப் புட்டில் முதலில் போட்ட தேங்காய்த் துருவல் அடியிலும் பிறகு போட்ட மாவு அதன் மேலும் இருப்பதுபோல, முதலில் துளைத்த பொருள் குழியின் அடியிலும் அடுத்தது அதற்கு மேலும் தங்கும். அடியில் ஜிப்சம், மேலே நீலப் பருத்தி இழை என்றால் தோட்டா சுவரைத் துளைத்துவிட்டுத்தான் சட்டைக்கு வந்திருக்கிறது. இதை அடுக்கடுக்காகப் பிரிக்கும்போது ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை கலைத்த அடுக்கைத் திரும்பக் கட்ட முடியாது.

தோட்டா எடுத்துக்கொள்வது போலவே கொடுத்தும் செல்கிறது. முதலில் துளைக்கும் துணியின் ஓரத்தில் தன் மேல் படிந்திருந்த கரி, எண்ணெய், உலோகத் தடயம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகும். துளையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் விழும். அடுத்தடுத்த துணிகளில் அந்த வளையம் மங்கும் அல்லது இருக்கவே இருக்காது. எனவே தோட்டாவையும் அது தொட்ட பொருள்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

டல்லாஸ், 1963

இந்த இருவழிப் படிப்பு உலகின் மிக அதிகம் அலசப்பட்ட துப்பாக்கிச் சூட்டிலேயே நடந்தது. பாதியில் தவறவும் விடப்பட்டது. 1963 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் திறந்த காரில் சென்றுகொண்டிருந்த அதிபர் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு முன்னால் அமர்ந்திருந்த டெக்சாஸ் ஆளுநர் கானலி காயமடைந்தார்.

கென்னடியின் கோட்டில் முதுகுப்புறத் துளையின் ஓரத்தில் செம்புத் தடயம் இருந்ததையும், துணி இழைகள் உள்நோக்கி வளைந்திருந்ததையும் எஃப்.பி.ஐ. ஆய்வகம் கண்டது. சட்டையின் முன்புறக் கிழிசலில் உலோகத் தடயம் இல்லை. தோட்டா முதுகுப்புறம் நுழைந்தது என்ற முடிவுக்கு இது ஓர் ஆதாரம். காரின் முன்கண்ணாடியில் துளை இல்லை, விரிசல் மட்டும். அந்த விரிசலுக்கு நேராக உட்பரப்பில் ஈயப் பூச்சு இருந்தது. அடித்த துண்டு காருக்குள்ளிருந்து, அதாவது பின்பக்கமிருந்து வந்திருக்கிறது.

சற்றுத் தள்ளி நின்ற ஒருவரின் கன்னத்தில் ஏதோ தெறித்துக் கீறியது. அவருக்கு அருகே சாலையோரக் கல்லில் ஒரு தடம் இருந்தது. 1964 ஆகஸ்டில் அந்தக் கல்லைப் பெயர்த்தெடுத்துச் சோதித்தார்கள். ஈயமும் மிகச் சிறிதளவு ஆன்டிமணியும் இருந்தன, செம்பு இல்லை. முழு உறையோடு நேராக வந்து மோதிய தோட்டா செம்பை விட்டுச் சென்றிருக்கும். ஆகவே அங்கே பட்டது முழுத் தோட்டா அல்ல, வேறெங்கோ மோதி உடைந்த ஒன்றின் ஈயத் துண்டாகவே இருக்க முடியும் என்பது ஆய்வகத்தின் வாதம். ஒரு தனிமம் இல்லாததும் சாட்சியாகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆனால் தோட்டாவின் மேல் இருந்ததைப் பார்க்க வேண்டிய இடத்தில் கைநழுவியது. காரின் முன்பகுதியில் இரண்டு பெரிய தோட்டாத் துண்டுகள் கிடைத்தன. ஒன்று மூக்குப் பகுதி, மற்றது அடிப்பகுதி. அவற்றின் வரிகளை ஆராய்ந்த எஃப்.பி.ஐ. நிபுணர் ராபர்ட் ஃப்ரேசியர் 1964இல், கொலையை விசாரித்த வாரன் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். துண்டுகளில் இரத்தமோ வேறு எதுவோ மிகச் சிறிதளவு ஒட்டியிருந்தது என்றும், ஆய்வுக்காக அதைத் துடைத்துவிட்டதாகவும், உண்மையில் துடைக்கவே தேவை இருந்திருக்காது என்றும் சொன்னார். ஒட்டியிருந்தது என்ன என்று சோதிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அவர் தன் துறையின் அன்றைய வழக்கப்படிதான் நடந்தார். வரிகளைத்தான் கேட்டார்கள், வரிகளுக்கு விடை கொடுத்தார்.

துடைத்த பிறகும் மூக்குத் துண்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதில் இழை போல் தெரிந்த ஒன்று ஆடை இழையா என்ற கேள்வி எழுந்தது. ஆடை இழையாக இருந்தால் அந்தத் துண்டு கென்னடியின் தலையில் படுவதற்கு முன் உடையைத் துளைத்ததா என்று யோசிக்க வேண்டிவரும். புதிய சோதனைகளின் முடிவை 2000 ஜனவரியில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் வெளியிட்டது. இழைகள் துணி இழைகள் அல்ல. ஒட்டியிருந்த உயிர்ப்பொருள் மனிதத் திசு. அது யாருடையது என்று சொல்லும் அளவுக்கு டி.என்.ஏ. கிடைக்கவில்லை. பல கைகள் மாறி, துடைக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் கிடந்த ஒரு துண்டிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. 1963இல் டி.என்.ஏ. சோதனை கிடையாதுதான். ஆனால் துடைக்காமல் பாதுகாத்திருந்தால், பின்னால் வந்த விஞ்ஞானத்துக்கு வேலை செய்ய ஏதாவது மிஞ்சியிருக்கும்.

எல்லை எங்கே

இந்த ஆய்வு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்வதும் ஆபத்து. கண்ணாடித் துகள் "இந்த வகைக் கண்ணாடி" என்று சொல்லும். அதே வகைக் கண்ணாடி ஆயிரம் கார்களில் இருக்கலாம். கால்சியம் எங்கும் இருக்கிறது. பாஸ்பரஸோடு வந்தால் எலும்பு என்று சந்தேகிக்கலாமே தவிர, வடிவத்தையும் திசுவையும் பார்க்காமல் உறுதி கூறக் கூடாது. தடயம் இல்லை என்பதற்காகத் தோட்டா எதையும் தொடவில்லை என்றும் முடிவுகட்ட முடியாது. உடலுக்குள் செல்லும்போது முன்பு ஒட்டியவை வழித்தெடுக்கப்படலாம்.

மிகையாகப் பேசினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்துத் துறையிலேயே பாடம் இருக்கிறது. தோட்டாவின் ஈயத்தில் கலந்திருக்கும் சிறு தனிமங்களின் அளவை ஒப்பிட்டு, சம்பவ இடத்துத் தோட்டாவும் சந்தேக நபரிடம் இருந்த தோட்டாக்களும் ஒரே பெட்டியைச் சேர்ந்தவை என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் பல ஆண்டுகள் சாட்சியம் சொன்னார்கள். அளவீடு சரியானதுதான். ஆனால் ஒரே தடவையில் உருக்கிய ஈயத்திலிருந்து எண்ணற்ற பெட்டிகள் நிரம்பும் என்பதால் அந்த முடிவுக்கு அடித்தளம் இல்லை என்று 2004இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் சுட்டிக்காட்டியது. 2005இல் எஃப்.பி.ஐ. அந்தச் சோதனையையே கைவிட்டது. கருவி பொய் சொல்லவில்லை. கருவி சொன்னதற்கு மேல் மனிதர்கள் சொன்னார்கள். தோட்டா அழுக்கைப் படிப்பவர்களும் இதை மறக்கக் கூடாது.

வரிசை ஒன்றுதான் முக்கியம்

இத்தனைக்கும் தேவைப்படுவது பெரும் செலவல்ல, ஒழுங்கு. உடலிலிருந்து தோட்டாவை எடுக்கும் மருத்துவர் பற்கள் உள்ள இரும்பு இடுக்கியால் கவ்வக் கூடாது. புதுக் கீறல் விழும், ஒட்டியது உதிரும். குழாயடியில் காட்டக் கூடாது. பஞ்சில் பொதியக் கூடாது. பஞ்சின் இழையே பிறகு ஆடை இழை என்று மயக்கும். உலரவிட்டு, சுத்தமான காகிதத்தில் மடித்து, தனித்தனி உறையில் வைக்க வேண்டும். ஆய்வகத்தில் முதலில் கழுவாத நிலையில் படம். பிறகு நுண்ணோக்கியில் துகள்கள். பிறகு திசுவும் டி.என்.ஏ.வும், எல்லாம் முடிந்த பிறகே சுத்தம் செய்து வரி ஆய்வு. வரிகள் உலோகத்தில் வெட்டப்பட்டவை, காத்திருக்கும். துகள்கள் காத்திருக்காது.

தோட்டா பாதை பற்றிய தகராறுள்ள எந்த வழக்கிலும் நீதிபதியும் வழக்கறிஞர்களும் நிபுணரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தத் தோட்டாவைக் கழுவுவதற்கு முன் யாராவது நுண்ணோக்கியில் பார்த்தார்களா? இந்தக் கேள்வி நீதிமன்றங்களில் வழக்கமாகக் கேட்கப்படத் தொடங்கினால், ஆய்வகங்களின் பழக்கம் தானாக மாறும். தெறித்து வந்த தோட்டாவுக்காக ஒருவர் கொலைகாரர் ஆவதும், குறிவைத்துச் சுட்டவர் "தெறித்தது" என்று சொல்லித் தப்புவதும் அதன் பிறகு எளிதாக நடக்காது.